யாரும் போடாத பாசி

தொட்டியின் வடக்கு மூலையில் ஒரு கைப்பிடி பாசி மிதந்துகொண்டிருந்தது. சின்னப்பராஜ் தவிட்டுக் கிண்ணத்தோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய, ஈரமாய் மின்னும் பச்சை இலைகள். அவன் தன் மீன்களுக்கு ஒருநாளும் பாசி போட்டவன் இல்லை. கடத்தூரை ஒட்டிய அந்த ஊரில் மீனுக்கென்று பாசி வளர்த்தவள் ஒருத்திதான், வேலிக்கு அந்தப் பக்கத்து ராமக்காள். அவள் செத்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

"புஷ்பா, இதுல நீ ஏதாச்சும் போட்டியா?"

"நான் எங்கிருந்து போடுவேன்?" என்றாள் அவன் மனைவி புஷ்பமேரி, அடுப்படியிலிருந்தே. "நீங்க போட்டீங்கன்னு நெனச்சேன். மீனு நல்லாத் திங்குது, வுடுங்க."

அது எண்பத்தாறாம் வருஷம், மழை பொய்த்திருந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. ராமக்காள் கொல்லையில் மூன்று குழி வெட்டி, சாணம் கரைத்து ஊற்றி, பாசி வளர்த்துத் தன் தொட்டியிலிருந்த புல்கெண்டை மீன்களுக்குத் தினமும் அள்ளிப் போடுவாள். அவை முழங்கை நீளம் வளர்ந்தன. தவிடு தின்ற சின்னப்பராஜின் மீன்கள் விரலளவில் நின்றுவிட்டன, அவனுடைய கடலைச்செடி கருகிக்கொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீரை அவள் குடம் குடமாய்க் குழியில் ஊற்றும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரியும். ஒரு மத்தியானம் அவள் கடைக்குப் போயிருந்தபோது, கடலைக்கு அடித்தது போக மீதியிருந்த பூச்சிமருந்தை மூன்று குழியிலும் ஊற்றிவிட்டு வந்தான். பாசிதான் சாகும் என்று நினைத்தான்.

பாசி சாகவில்லை. மறுநாள் அதைத் தின்ற மீன்கள் மயங்கி மேலே வந்தன. வெயில் தாங்கவில்லை என்று எண்ணி, ராமக்காள் இரண்டைப் பிடித்துக் குழம்பு வைத்துத் தின்று, வாந்தியெடுத்து விழுந்தாள். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போயிருந்த புருஷன் குப்புராஜ் திரும்பி வந்து அவளைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். பாதி வழியில், அவர் மடியிலேயே அவள் உயிர் போய்விட்டது. கெட்ட மீனைத் தின்றுவிட்டாள் என்றது ஊர். சின்னப்பராஜும் அதையே சொன்னான்.

இப்போது தன் தொட்டியில் மிதந்த பாசியை வழித்து எருக்குழியில் எறிந்தான். மறுநாள் பாதித் தொட்டி பச்சையாய்க் கிடந்தது. மீன்களை அண்டாவுக்கு மாற்றித் தண்ணீரை இறைத்து, சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவிப் புதுத்தண்ணீர் விட்டான். அடுத்த நாள் விளிம்புவரை மூடியிருந்தது. சாணமும் சேறும் கலந்த வாசனைக்கு அடியில், மூக்கு நுனியை எரிக்கிற இன்னொரு வாசனை. மத்தியானத்தில், ஊரே வெயிலுக்கு அடங்கிக் கிடக்கும் நேரத்தில், யாரோ குடத்தைச் சாய்த்து மெதுவாய் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. தொட்டி விளிம்பில் மட்டும் நாலு விரல் தடம், பச்சையாய், காய்ந்துகொண்டிருந்தது.

பத்தே நாளில் மீன்கள் ஒரு சாண் ஆகிவிட்டன.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்து ரெண்டு புடிச்சுக் குழம்பு வெக்கறேங்க."

"அதத் தொடாத, புஷ்பா."

"ஏன்?"

சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. "வேணாம்னா வேணாம்," என்று மட்டும் சொன்னான். அவள் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பொறுக்க முடியாமல் வேலியைத் தாண்டினான். குப்புராஜ் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, எங்க தொட்டியில பாசி நீங்க போடறீங்களா?"

"குழியெல்லாம் மூடி ஒரு மாசமாச்சே. பாசிக்கு நான் எங்க போவேன்?" குப்புராஜ் அவனைப் பார்க்கவில்லை. "அவதான் போடறாப்பா. தெனமும் மத்தியானத்துல இப்படியேதான் உங்க வூட்டுக்குப் போறா. கூப்புட்டாத் திரும்ப மாட்டேங்கறா."

சின்னப்பராஜ் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எதுக்குப் போறன்னு நானும் கேக்கல," என்று சொல்லி அவர் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியும். நீ வூட்டுக்குப் போ. புஷ்பமேரி தனியா இருக்குது."

ஓடினான். வேலி முள் காலைக் கிழித்தது. வீட்டுக்குள் புளி வாசனை. அடியில் மருந்து வாசனை. அடுப்பில் குழம்புச் சட்டி. தரையில் ஒரு தட்டு, காலியாய்.

"புஷ்பா."

கொல்லைக் கதவு திறந்திருந்தது.

தொட்டியில் தண்ணீரே தெரியவில்லை. முழுக்கப் பச்சை. விளிம்பில் புஷ்பமேரி மண்டியிட்டு, முகத்தைப் பாசிவரை தாழ்த்தியிருந்தாள். அவளுக்கு நேரே மீன்கள் தலையை வெளியே நீட்டி வரிசையாய் நின்றன. எல்லா வாயும் திறந்தன. மூடின. அவள் வாயும் அதே வேகத்தில்.

எதிர்ப்பக்கம் ஒருத்தி குந்தியிருந்தாள். தலை குனிந்திருந்தது. மணிக்கட்டுவரை பச்சை படிந்த கை பாசியை அள்ளி, ஒவ்வொரு வாயாக, அவசரமில்லாமல் ஊட்டிக்கொண்டு வந்தது. மீனுக்கு. மீனுக்கு. புஷ்பமேரிக்கு.

சின்னப்பராஜ் கத்தப் பார்த்தான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மூடியது. மறுபடி திறந்தது.

அந்தக் கை, நிறைய அள்ளிக்கொண்டு, அவன் பக்கம் நீண்டது.