டிக்கெட் கப்பல்

மேல் குளத்தங்கரையில் இருந்த வெண்கல ஆமையைக் காணவில்லை.

பதினொன்றரை மணிக்கு ஒரு சுற்றுலாக் கூட்டம் அதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. பன்னிரண்டுக்குத் தோட்ட மேலாளர் வந்தபோது வெறும் கல் பீடம்தான் இருந்தது. பக்கத்தில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, ஒரு கை தோள்வரை நனைந்து, தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். மேலாளர் அதற்குமேல் யோசிக்கவில்லை.

தோட்டம் இருநூறு வருடப் பழசு. குன்று, குளம், வளைந்த ஓடை எல்லாமே இயற்கையைப் போல மனிதர் வெட்டிவைத்தவை. மேல் குளத்துத் தண்ணீர் புல்மேட்டுக்கு அடியில் ஒரு கல் வாய்க்காலில் ஓடி, கீழ்க் குளத்தில் வந்து விழும். ஆமையும் தோட்டத்தின் வயதுதான். தேங்காய் அளவே இருக்கும். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

பெண்ணை வீட்டில் எல்லோரும் 'வாலு' என்பார்கள். சும்மா வைத்த பெயரல்ல. அவளையும் தம்பி பொடியனையும் கூட்டி வந்தவள் அவர்களுடைய அத்தை. காலையில் வாலு சாக்லேட் காகிதத்தில் செய்த கப்பல் வாய்க்காலுக்குள் புகுந்து கீழே ஒழுங்காக வந்து சேர, பொடியன் கைதட்டினான். பிறகு அவனுக்கு அவசரம். அத்தை அவனோடு கழிவறை வரிசையில் நின்ற நேரத்தில் இங்கே இத்தனையும் நடந்துவிட்டது.

அத்தை போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். இன்று லீவு. ஆனாலும் அந்த நனைந்த கையைப் பார்த்ததும் அவளும் முதலில் வாலுவின் பையைத்தான் திறந்து பார்த்தாள்.

"எங்க ஒளிச்சிருக்கான்னு சொல்லச் சொல்லுங்க மேடம். இல்லேன்னா ஸ்கூலுக்கு எழுதிடுவேன்," என்றார் மேலாளர்.

"வெளிய போயிருக்குமா?"

"வாசல்ல எல்லார் பையையும் பாக்கறோம். போகல. புதர் புதராத் தேடியாச்சு."

"இந்தப் பக்கம் வேற யாரு இருந்தா?"

இரண்டு பேரை அழைத்து வந்தார்கள். தோட்டக்காரர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார். "ரோஜாப் பாத்தில இருந்தேன். கூட நாலு பேர். கேட்டுக்குங்க."

மற்றவர் வருகிறவர்களைப் படம் எடுத்துக் கொடுக்கும் போட்டோக்காரர். இடது சட்டைக்கை மணிக்கட்டில் பொத்தான் போட்டிருந்தது. வலது கை தோள்வரை சுருட்டியிருந்தது. முகத்தில் இரக்கம் வழிந்தது.

"நான் அப்பலேருந்து கீழ்க் குளத்துலதான் மேடம் இருந்தேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"ஆளில்ல. ஆனா பாப்பா விட்ட மஞ்சக் கப்பலெல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துச்சு. அழகா இருந்துச்சு. பாவம், குழந்தை. விட்டுடுங்க சார்."

அத்தை வாலுவின் முன் குந்தி உட்கார்ந்தாள். "ஏண்டி அழற?"

அழுகை கூடியது. "கப்பல் வரல அத்தை."

"எந்தக் கப்பல்?"

"மூணு விட்டேன். கீழ ஓடிப்போய் நின்னேன். ஒண்ணுகூட வரல. அதான் மேல வந்து கையை விட்டுப் பாத்தேன். எட்டல."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நம்ம டிக்கெட்ல செஞ்சேன். திட்டுவீங்க."

டிக்கெட் மஞ்சள் நிறம். அத்தை எழுந்தாள். "நீளமான கொக்கி இருக்கா?"

தோட்டக்காரர் மேல் குளத்தில் வாய்க்காலின் வாய்க்குள் கொக்கியை விட்டுத் துழாவினார். முதலில் நைந்துபோன மஞ்சள் காகிதங்கள் மூன்றும் வந்தன. இன்னும் உள்ளே விட்டதும் கல்லில் உரசும் சத்தம் கேட்டது. பாசி ஒட்டிய ஆமை மெதுவாக வெளியே வந்தது.

"பாத்தீங்களா, இவதான்..." என்று ஆரம்பித்தார் மேலாளர்.

"அவ கை அவ்வளவு தூரம் எட்டாது சார். ஆமை முதல்ல போய் வழியை அடைச்சிருக்கு. அதுக்கப்புறம்தான் கப்பல் வந்து சிக்கியிருக்கு." அத்தை போட்டோக்காரர் பக்கம் திரும்பினாள். "மூணு கப்பலும் இங்கயே கிடக்கு. நீங்க கீழ எதைப் பாத்தீங்க?"

அவர் கேமராப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கீழ நீங்க இல்லவே இல்ல. இங்க புதர்ல நின்னு இவ கப்பல் விட்டதைப் பாத்திருக்கீங்க. கீழ வந்திருக்கும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. வாசல்ல பை பாப்பாங்கன்னு தெரியும். ஆள் அடங்கினதும் எடுத்துக்கலாம்னு உள்ள தள்ளியிருக்கீங்க. அந்தச் சுருட்டின சட்டைக்கையைக் கொஞ்சம் பிரிங்க."

பிரித்தார். தோள்வரை ஈரம்.

"கடன் தொல்லை மேடம்," என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. காவலாளிகள் அவரை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "ஸாரி பாப்பா." உடனே மூன்று புது டிக்கெட்டை வாலுவின் கையில் வைத்தார்.

வாலு அவரைப் பார்க்கவில்லை. "அத்தை, நீங்களும் நான்தான்னு நெனச்சீங்கள்ல?"

எத்தனையோ பேரை விசாரித்த அத்தை மறுபடியும் அவள் முன் குந்தினாள். "ஆமாண்டி. ஒரு நிமிஷம் நெனச்சேன். தப்புதான்."

வாலு யோசித்தாள். ஒரு டிக்கெட்டை நிதானமாக மடித்தாள்.

"சரி. நீங்க கீழ போய் நில்லுங்க. வந்தா சொல்லுங்க. பொய் சொல்லக் கூடாது."

அத்தை புல்மேட்டில் இறங்கி, கீழ்க் குளத்து வாய்க்கால் முன் காத்து நின்றாள். தண்ணீர் மட்டும் வந்தது. ஒரு சருகு வந்தது. அப்புறம் இருட்டிலிருந்து மஞ்சளாக ஒன்று ஆடி ஆடி வந்தது.

"வந்துருச்சுடி!" என்று சப்-இன்ஸ்பெக்டர் போட்ட கத்தலில் குளத்து வாத்தெல்லாம் சிதறி ஓடின.