கலங்கிய கையொப்பம்

காலை எட்டரைக்கு மௌனக்கூடத்தின் கதவு சாத்தப்பட்டது. பராமரிப்புத் துறைத்தலைவர் பூங்கோதை மூன்றாம் வரிசையில் தன் பாயில் அமர்ந்து, கழுத்தின் இடப்பக்கம் ஒட்டியிருந்த அகமானியை விரலால் ஒருமுறை அழுத்திக்கொண்டாள். சுண்டைக்காய் அளவுக் கருவி அது. நாடி, வியர்வை, மூச்சு, நரம்புகளின் சிறு துடிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். எதிர்ச்சுவரில் இருபத்திரண்டு பெயர்களும் அவற்றின் எண்களும் ஒளிர்ந்தன. தொண்ணூற்றைத் தாண்டியவர்களின் பெயர் பச்சையில் தெரியும். அவளுடைய பெயர் பச்சைக்கு மாறி ஆறு வருடமாகிறது.

வெள்ளிக் குவளைகளில் துளசித் தண்ணீர் வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலையின் அலுவலர்கள் எல்லோரும் ஒரே மிடறில் குடித்துவிட்டுக் கண்களை மூடினார்கள். மேடையில் ஆதிகேசவன் இருந்தார். அவர் நிறுவனத்தின் சாட்சி. முன்பு நிர்வாக இயக்குநர் என்று சொன்ன பதவிக்கு இப்போது அதுதான் பெயர். புதிதாகச் சேர்பவர் சாதகர், துறைத்தலைவர் நிலைபெற்றவர், எதிலும் ஒட்டாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவர் சாட்சி.

"நேற்றுப் பிற்பகல் நான்காம் கசடறையில் இருதயராஜ் என்ற ஃபிட்டர் இறந்துவிட்டார்," என்றார் ஆதிகேசவன். "மூச்சை உள்ளே இழுங்கள். செய்தி வருகிறது. மெல்ல வெளியே விடுங்கள். செய்தி போகிறது."

கெட்ட செய்திகளைக் காலைக்கென்று எடுத்து வைப்பதுதான் வழக்கம். நல்ல செய்தியில் மனம் எவ்வளவு உறுதியானது என்று தெரியாது. சுவரில் எண்கள் சரிந்தன. ஒருவர் அறுபதுக்கு இறங்கி, திணறி மேலேறினார். கடைசி வரிசையில் ஒரு சாதகப் பெண்ணின் பெயர் முப்பதுக்குப் போய்ச் சிவந்தது. அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

பூங்கோதையின் எண் தொண்ணூற்றொன்றிலேயே நின்றது.

வெளியே செருப்பு மாட்டும்போது மனிதவளத் துறையின் கமலக்கண்ணன் பக்கத்தில் வந்து குனிந்தார். "உங்க துறை ஆளு மேடம். ஒரு புள்ளிகூட அசையலையே. நான் கண்ணை லேசாத் திறந்து பார்த்துட்டேன். அடுத்த சாட்சி நீங்கதான், எழுதி வச்சுக்கோங்க."

"கண்ணைத் திறந்தா உங்களுக்கு ரெண்டு புள்ளி போயிருக்குமே," என்றாள் அவள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருதயராஜின் முகத்தை நினைவில் தேடினாள். சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பேனர் தெரிந்தது. முகம் வரவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்டபிறகு கன்னம் தன்னுடையதுதானா என்று நாக்கால் துழாவிப் பார்ப்பதுபோல இருந்தது. துழாவினாள். ஒன்றுமில்லை.

இந்த ஏற்பாட்டை அவள் ஒருகாலத்தில் மனதார வரவேற்றவள். அவளுடைய முதல் மேலாளர் கோபம் வந்தால் தாள் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டை எடுத்து எறிவார். அவர் ஆத்திரத்தில் கையெழுத்திட்டு ஒரே மாலையில் நாற்பது பேரை வேலையைவிட்டு அனுப்பியதை அவள் பார்த்திருக்கிறாள். நாடெங்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு சமநிலைச் சட்டம் வந்தது. கலங்கிய மனத்தோடு இடும் கையொப்பம் எந்த அலுவலகத்திலும் செல்லாது. நம் பழைய ஞானத்தை உலகமே வியந்து பார்க்கிறது என்றார்கள். சட்டம் நிறைவேறிய அன்று பூங்கோதை இனிப்பு வாங்கிப் பகிர்ந்தாள். பதினோரு வருடமாகப் புதியவர்களுக்குப் பற்றறுத்தல் வகுப்பும் அவள்தான் எடுக்கிறாள்.

மரண அறிக்கை மதியத்துக்குள் போக வேண்டும். மூன்று பத்தி போதும். அறைக்கு வந்து இருதயராஜின் கோப்பைத் திறந்தாள். உள்ளே அவன் குரலில் பதிவான பத்துப் புகார்கள் இருந்தன.

"மேடம், நாலாம் அறையில காத்து இழுக்குற விசிறி தானா நின்னு போகுது. உள்ள ஆள் இருக்கும்போதே நிக்குது. கசடுலேர்ந்து வாயு ஏறுது. ஒருநாள் யாராச்சும் உள்ளயே கிடக்கப் போறாங்க."

கீழே குறிப்பு: பேசுபவரின் சமநிலை முப்பத்தெட்டு. கலங்கிய மனம். அமைதியுற்றபின் அனுப்புக.

இரண்டாவதற்கும் அதே குறிப்பு. ஐந்தாவதில் எண் இருபத்தொன்பது. ஒன்பதாவதில் அவன் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தான். எண் பதினேழு. பத்தாவதைக் கேட்டபோது வேறு ஆள் பேசுகிறானோ என்று தோன்றியது. பேசத் தொடங்குமுன் சற்றுநேரம் அலைச்சத்தம். பிறகு ரயில்நிலைய அறிவிப்பைப்போல ஒரு குரல். "நான்காம் கசடறையின் விசிறி சில நேரம் நின்றுவிடுகிறது. பார்த்தால் நல்லது."

எண்பத்துநான்கு. புகார் ஏற்கப்பட்டது. அதன் கீழே இன்னொரு வரி: புகார்தாரர் அமைதியாக இருக்கிறார். அவசரமில்லை. தொண்ணூறு நாள். அந்த அவகாசத்துக்குக் கீழே ஒப்புதல்: பூங்கோதை, தொண்ணூற்றொன்று.

நாற்பத்தொரு நாளுக்கு முன்பு போட்ட கையெழுத்து. அந்த நாள் அவளுக்கு நினைவில்லை. நினைவில் நிற்காதபடி கையெழுத்துப் போடுவதுதான் அவள் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம்.

பணிப்பட்டியலைத் திறந்தாள். நான்காம் கசடறை, இன்று, பிற்பகல் இரண்டு மணி. நேற்று பாதியில் நின்ற கசடு அள்ளும் வேலையை முடிக்க வேண்டியவர்: ரோஸ்மேரி, இருதயராஜின் உடன்பணியாளர். விசிறியின் நிலை: நாற்பத்தொன்று முடிந்தது, நாற்பத்தொன்பது மீதம். மரணம் ஒரு கோப்பு, விசிறி இன்னொரு கோப்பு. இறங்கமாட்டேன் என்று ரோஸ்மேரி சொல்லவும் முடியாது. பயந்த மனத்தின் மறுப்பும் செல்லாது.

அறையை உடனே மூடும் ஆணையை எழுதிப் பெருவிரலை வைத்தாள். சமநிலை ஐம்பத்துநான்கு. கலங்கிய கையொப்பம். ஆணை ஏற்கப்படவில்லை.

கண்ணை மூடி, தான் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்த மூச்சை இழுத்தாள். ஐம்பத்தொன்று. மறுபடி இழுத்தாள். நாற்பத்தெட்டு. ஏறவேண்டும் என்று அவள் விரும்பியதாலேயே அது இறங்கியது.

ஏழாம் மாடியில் ஆதிகேசவனின் அறையிலிருந்து கடல் சத்தமில்லாமல் தெரிந்தது. அவர் ஊறவைத்த பாதாமை நகத்தால் கீறி, தோலை உரித்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தார்.

"உட்காரும்மா. உன் எண்ணைப் பார்த்தேன். ஆறு வருஷத்துல இப்படி இறங்கினதில்ல."

"நாலாம் அறையை மூடணும் சார். என் கையெழுத்து ஏற மாட்டேங்குது. நீங்க போடுங்க."

"போடலாம். ஆனா எனக்கு அந்த அறைமேல விருப்பும் இல்ல, வெறுப்பும் இல்ல. அதனாலதான் என் கையெழுத்து செல்லுது. உனக்காகப் போட்டேன்னா அது என் கை இல்ல, உன் கலக்கத்தோட கை."

"ரெண்டு மணிக்கு ஒரு பொண்ணு உள்ள இறங்கப்போறா சார்."

"இறங்குவா, ஏறுவா. இத்தனை வருஷமா எத்தனை பேர் இறங்கி ஏறியிருக்காங்க."

"நேத்து ஒருத்தர் ஏறல."

அவர் ஒரு பாதாமை வாயில் போட்டு நிதானமாக மென்றார். முகத்தில் உண்மையான கனிவு இருந்தது. "அந்த ஒருத்தர்ல நீ மாட்டிக்கிட்டே. செய்யறவன் நானில்லன்னு பெரியவங்க சொன்னது எதுக்கு? அவரைக் கொன்னதும் நீயில்ல. இவளைக் காப்பாத்தப்போறதும் நீயில்ல. அந்தப் பாரத்தை இறக்கி வை. எண் தானா ஏறும். நீயே வகுப்புல இதைத்தானே சொல்லுவே, என்னைவிட அழகா."

பூங்கோதை அவர் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் துணுக்கைப் பார்த்தாள். இவர் கொடியவரில்லை. இரவில் நன்றாகத் தூங்குகிறவர். தன் சாவைக் கண்டு அஞ்சாதிருக்க யாரோ ஒருவர் வீட்டைத் துறந்து, காட்டில் பட்டினி கிடந்து தேடிய சொல் அது. இங்கே அதை எடுத்துவந்து, அடுத்தவர் சாவைக் கண்டு அஞ்சாதிருக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். குளிர்பதன அறையில், பாதாம் தின்றுகொண்டு. பதினோரு வருடம் தன் வாயிலிருந்தும் இதே சொல், இதே இனிப்பான குரலில் வந்திருக்கிறது.

குமட்டல் தொண்டைவரை வந்தது. பிறகு அடங்கிச் சில்லிட்டது. இந்த அறையில் அவளுக்கு வேண்டியது எதுவும் இல்லை. சாட்சிப் பதவி வேண்டாம். சுவரில் பச்சைப் பெயர் வேண்டாம். இந்தக் கழுத்தும் இந்தத் தொண்டையும்கூடத் தன்னுடையவை என்று சொல்லக் கூசியது. யாரோ தின்றுவிட்டுப்போன இலையைப் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் பார்த்தாள்.

அகமானி மெல்ல அதிர்ந்தது. ஆதிகேசவன் தன் திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "தொண்ணூற்றேழு. பார்த்தியா? இதுதான் வைராக்கியம், எதுலயும் பற்றே இல்லாத நிலை. நான்கூட இதைத் தொட்டதில்லம்மா."

உலகத்தை விட்டு விலகியவருக்கும் உலகத்தைக் கண்டு அருவருத்தவருக்கும் அந்தச் சுண்டைக்காயால் வேறுபாடு காண முடியவில்லை. பூங்கோதை அவர் மேசையிலேயே ஆணையை மறுபடி திறந்து பெருவிரலை வைத்தாள். கையொப்பம் ஏற்கப்பட்டது. அவள் எழுந்துகொள்ளுமுன் அடுத்த வரி வந்தது.

கையொப்பமிட்டவர் முழு அமைதியில் இருக்கிறார். அவசரமில்லை. தொண்ணூறு நாள்.

"ஆணை போயிடுச்சு இல்ல?" என்றார் அவர், அடுத்த பாதாமை எடுத்தபடி. "அப்புறம் என்ன?"

மணி ஒன்று நாற்பது. மின்தூக்கிக்குக் காத்திராமல் ஏழு மாடியும் படியில் இறங்கினாள். தொட்டிகளின் ஓரமாக வெயிலில் நடந்தாள். ஆலையின் இந்தக் கோடிக்கு அவள் வந்ததே இல்லை. நான்காம் கசடறை நிலத்தடியில் இருந்தது. மேலே வட்டமான இரும்பு மூடி மட்டும் தெரிந்தது. பூங்கோதை போய் அதன்மேல் உட்கார்ந்தாள்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வயதிருக்கும். சட்டையில் ரோஸ்மேரி என்று தைத்திருந்தது.

"மேடம், அங்க உக்காராதீங்க. சேலை பாழாயிரும்."

"பரவாயில்ல."

"எந்திரிங்க மேடம். ரெண்டு மணிக்கு நான் உள்ள இறங்கியிருக்கணும். இல்லன்னா பயந்து ஓடிட்டேன்னு பதிவாயிரும்."

"நீ ஓடல. நான் வழியை மறிச்சு உட்கார்ந்திருக்கேன். அப்படிப் பதிவு பண்ணு."

"இது ஆணையா?"

"இல்ல. என் ஆணை வர்றதுக்குத் தொண்ணூறு நாள் ஆகும். இது என் உடம்பு. அறுபத்தெட்டு கிலோ."

ரோஸ்மேரி சிரிக்கவில்லை. கயிற்றின் முடிச்சை இறுக்கியபடியே கேட்டாள். "பூங்கோதைங்கிறது நீங்கதானே?"

"நான்தான்."

"இருதயம் அண்ணன் கடைசித் தடவை பதியுறதுக்கு முன்னால கடல்ல போய் இடுப்பளவு தண்ணியில நின்னாரு. நான்தான் கரையில செருப்பைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். பொறுமையாப் பேசினா அந்தம்மா கேப்பாங்க புள்ளன்னு சொன்னாரு. கேட்டீங்களா?"

"கேக்கல. கையெழுத்து மட்டும் போட்டேன்."

ரோஸ்மேரி முகத்தைத் திருப்பிப் பக்கத்தில் காறித் துப்பினாள். எச்சில் பூங்கோதையின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவள் காலை நகர்த்தவில்லை. கழுத்தில் எண் விழுந்துகொண்டே போவதை அதிர்விலேயே உணர்ந்தாள். அறுபது இருக்கும். நாற்பது இருக்கும். சாட்சியின் திரையில் இப்போது தன் பெயர் சிவந்திருக்கும். கமலக்கண்ணன் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் மூடியின் இடுக்கு வழியாக அது வந்தது. அழுகிய முட்டையின் நாற்றம். இந்த ஆலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தும் இதை அவள் முகர்ந்ததில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"நாறுதா?" என்றாள் ரோஸ்மேரி.

"குடலைப் புரட்டுது."

"அதுக்குப் பயப்படாதீங்க. நாறுற வரைக்கும் ஆள் தப்பிச்சுக்கலாம். வாயு கூடிப்போச்சுன்னா மூக்கு மரத்துரும். நாத்தமே தெரியாது. நல்ல காத்துதான் வருதுன்னு நெனச்சு நிப்போம். அண்ணனும் அப்படித்தான் நின்னிருப்பாரு."

இரண்டு மணிச் சங்கு ஊதியது. ரோஸ்மேரி ஆலைக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. "இன்னைக்கு உக்காந்துட்டீங்க," என்றாள். "நாளைக்கு?"

மூடியின் சூடு சேலையைத் தாண்டிச் சுட்டது. பூங்கோதை வாயை மூடியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு மூக்கால் மூச்சை இழுத்தாள். இன்னொருமுறை வேண்டுமென்றே ஆழமாக இழுத்தாள்.

"இன்னும் நாறுதா?" என்று கேட்டாள் ரோஸ்மேரி, கயிற்றை அவிழ்க்காமல்.

"நாறுது."

"அப்ப உக்காருங்க."