பாசி இல்லாத தொட்டி

இரும்பு மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளியதும் பிரதீபனுக்கு முதலில் உறைத்தது வாடைதான். அதாவது, வாடை இல்லாதது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த மூடியைத் திறக்கிறவன் அவன். திறந்த மாத்திரத்தில் ஊறிப்போன பாசியும் ஈர மண்ணும் அழுகிய சருகும் கலந்த ஒரு நெடி மூக்கில் ஏறும். இரண்டடி தள்ளி நின்று தும்மிவிட்டுத்தான் இறங்குவான். இன்றைக்கு ஒன்றுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது உள்ளே.

மூடியைப் புரட்டிப் பார்த்தான். அடிப்பக்கத்தில் எப்போதும் கறுப்பாய் வழவழத்துக் கிடக்கும் படலம் போயிருந்தது. இரும்பு புதிதாய்த் தீட்டியதுபோலப் பளபளத்தது. தண்ணீர் ஒருநாளும் மூடிவரை ஏறியதில்லையே என்று நினைத்தான். அதற்கு மேல் நினைக்க அவனுக்கு நேரமில்லை.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. மேல் லயத்து வரிசை வீடுகள் பதினெட்டுக்கும் குடிதண்ணீர் இந்தத் தொட்டியிலிருந்துதான் போகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் மலைச்சரிவைக் குடைந்து கட்டியது. இரண்டு ஆள் ஆழம். ஊற்றுத் தண்ணீர் ஒரு மூலையில் வந்து விழும், அடியில் உள்ள குழாய் வழியே கீழே லயத்தார் வாளி பிடிக்கிற பீலிக்குப் போகும். அழகையா பெரியவர் ஓடையில் பிடித்து விட்ட ஏழெட்டுக் கெண்டைகள் உள்ளே திரியும். கெண்டை திரிந்தால் அது நல்ல தண்ணீர். அதற்கு மேல் அந்த லயத்தில் யாரும் பரிசோதனை கேட்டதில்லை.

மூன்று நாளாகப் பீலியில் தண்ணீர் நூலாய் வடிந்தது. நாளைக்கு ஞாயிறு, லயத்து ஆட்கள் எல்லோருமாய் வந்து தொட்டியைத் திறந்து பார்ப்பதாக முடிவாகியிருந்தது. அதற்குள் உள்ளே இருக்கும் ஒன்றை வெளியே எடுத்துவிட வேண்டும். அதனால்தான் எல்லோரும் மலையில் கொழுந்து எடுக்கிற நேரமாகப் பார்த்து, யாரிடமும் மூச்சு விடாமல் வந்திருந்தான்.

கொழும்பில் அலங்கார மீன் விற்கும் கடையொன்றில் ஐந்து வருடம் வேலை பார்த்தவன் அவன். கடையை மூடியபோது விரல் நீள மீன் ஒன்றைப் பையில் தண்ணீரோடு கட்டி எடுத்து வந்தான். கறுத்து, ஓடுபோன்ற முரட்டுத் தோலோடு, அடிப்பக்கத்தில் வட்ட வாயோடு இருக்கும். எங்கேயோ தென்னமெரிக்க ஆற்று மீன். கடையில் அதற்கு டேங்க் கிளீனர் என்று பெயர். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். அவன் மனைவி லோஜினிக்கு அதைக் கண்டாலே ஆகாது.

“அந்த வாயப் பாத்தாலே கொமட்டுதுங்க. ராவு பூரா கறுக்கு கறுக்குனு சத்தம் வேற. கொண்டுபோயி டேம்ல விட்டுட்டு வாங்க.”

டேம்வரை பஸ் ஏறிப் போகச் சோம்பலாயிருந்தது. போன தடவை தேய்க்க வந்தபோது தொட்டியில் விட்டான். பாசியைத் தின்றுவிட்டால் தேய்க்கிற வேலை மிச்சம். மலை ஓடைகளில் டிரவுட் மீனை வெள்ளைக்காரன் விட்டான், குளங்களில் திலாப்பியாவை அரசாங்கம் விட்டது, நான் ஒன்றே ஒன்றை விட்டால் குடியா முழுகிவிடும் என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டான். டேமில் விட்டுவிட்டதாக லோஜினியிடம் சொன்னபோது அவள் நம்பினாள். அதுதான் அவனுக்கு இன்றுவரை உறுத்திக்கொண்டிருந்தது.

சட்டையைக் கழற்றி, போனை அதன்மேல் வைத்தான். உரப்பையை இடுப்பில் செருகி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரில் பதித்த இரும்புப் படிகளில் இறங்கினான். படிகளில் துரு இல்லை. நடுவில் ஒவ்வொன்றும் பென்சில் கனத்துக்கு மெலிந்திருந்தது. இதைக் கால்தான் கண்டுபிடித்தது, ஐந்தாவது படியில். அது முறிந்தது. கீழே இருந்தவற்றையும் இழுத்துக்கொண்டு அவன் விழுந்தான்.

சுவர் எங்கோ கசிகிறதுபோல, தண்ணீர் முழங்கால் அளவுதான் நின்றது. முழங்காலுக்குக் கீழே தோல் நீளமாகக் கிழிந்திருந்தது. கையில் ஒரு துண்டுப் படி. எழுந்து எம்பிப் பார்த்தான். மிச்சமிருந்த படி விரல் நுனிக்கு ஒரு முழம் மேலே இருந்தது. சுவரில் கை வைத்தால் வழுக்கவில்லை, ஆனால் பிடிக்கவும் எதுவுமில்லை. பாசி இல்லை. கல்லுக்கு நடுவே பூசிய சிமெந்துகூடச் சுரண்டப்பட்டு, வரி வரியாய் இருந்தது. ஒரேயொரு மீன் இத்தனையும் செய்யுமா? சதுரமான வாசலுக்கு மேலே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

பயத்தை விழுங்கிக்கொண்டு, வந்த வேலையைப் பார்த்தான். டார்ச் தண்ணீருக்கடியில் விழுந்தும் அணையாமல் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் குழாய் வாய் தெரிந்தது. அதில்தான் அடைப்பு. அவனுடைய மீன்தான். முழங்கை நீளம் வளர்ந்து, தலையைக் குழாய்க்குள் விட்டுச் செருகிக்கொண்டிருந்தது. கெண்டை ஒன்றையும் காணோம். வாலைப் பிடித்து, சுவரில் காலை உதைத்து இழுத்தான். மூன்றாவது இழுப்பில் வந்தது. கனமே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வெறும் ஓடு. உள்ளே சதை, குடல், ஒன்றுமில்லை. உள்பக்கம் மூடியின் அடியைப் போலவே பளபளவென்று இருந்தது.

குழாய் ஒரு தடவை பெரிதாய் ஏப்பம் விட்டது. தண்ணீர் கொஞ்சம் உள்ளே போயிற்று. பிறகு நின்றுவிட்டது. குழாய்க்குள் காற்று அடைத்துக்கொண்டது. மலையில் எந்தக் குழாய்க்கும் நடப்பதுதான்.

அப்போது டார்ச் வெளிச்சம் மங்கியது. பற்றரி தீர்கிறது என்று நினைத்தான். அப்படி இல்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய், யாரோ விரலால் மூடுவதுபோல மங்கியது. கண்ணாடியின்மேல் வட்டமாய் ஒன்று ஒட்டியது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

இருட்டு.

மேலே போன் அடித்தது. லோஜினிக்கென்று அவன் வைத்திருந்த மணி. “லோஜினி! இங்க! தொட்டிக்குள்ள!” என்று தொண்டை கிழியக் கத்தினான். கல்லும் தண்ணீரும் அவன் குரலை அவனிடமே திருப்பித் தந்தன. போன் அடித்து ஓய்ந்தது. அது ஓய்ந்த பிறகுதான் மற்றச் சத்தம் கேட்டது. கறுக்கு. கறுக்கு. ஒரு மூலையிலிருந்து அல்ல. எல்லாச் சுவரிலிருந்தும், தண்ணீருக்கு மேலேயிருந்தும், தலைக்கு மேலேயிருந்தும்.

பனியினூடே கசிந்த வெள்ளை வெளிச்சத்துக்குக் கண் பழகியது. எதிர்ச் சுவர் கறுப்பாய் இருந்தது. பாசி இருக்கிறதே என்று ஒரு கணம் நிம்மதிகூடப் பட்டான்.

பாசி நகர்ந்தது.

கிழிந்த காலில் ஏதோ மெத்தென்று தொட்டது. வலிக்கவில்லை. அட்டை கடிக்கிற மாதிரி, வலிக்காததுதான் பயமாயிருந்தது. உதறினான். ஒன்று போய் இரண்டு வந்தது. ஒன்றைத்தானே விட்டேன், சத்தியமாய் ஒன்றைத்தானே விட்டேன் என்று யாரிடமோ வாய்விட்டு அழுதான்.

மீனை இழுக்கும்போது இடுப்பில் செருகிக்கொண்ட இரும்புத் துண்டு நினைவுக்கு வந்தது. குழாய் வளைந்து மேலேறிச் சுவருக்குள் நுழையும் இடத்தில் இரும்பு வளையம் தண்ணீருக்கு மேலே துருத்தியிருந்தது. அதில் ஓங்கி அடித்தான். டங். டங். டங். குழாய் நேராக லயத்துக்குத்தான் இறங்குகிறது. கேட்கும், கேட்டே ஆகவேண்டும். அடித்துவிட்டு வளையத்தில் காதை வைத்தான்.

கொழுந்து நிறுத்துப் போட்டுப் பெண்கள் வந்துவிட்டிருந்தார்கள். பீலியடியில் வாளிகள் உருளும் சத்தம், சிரிப்பு, எல்லாம் இரும்பின் வழியே சன்னமாய்க் காதுக்குள் வந்தன. பக்கத்து வீட்டு ரூபிகாவின் குரல் தெளிவாய்க் கேட்டது.

“கொழாய்க்குள்ள டங்கு டங்குனு அடிக்குது பாருங்க. காத்து ஏறியிருக்கு. லோஜினிக்கா, நீங்க ஒருக்கா உறிஞ்சுங்க. நீங்க வாய வச்சாத்தான் வரும்.”

“இவர வேற காணோம், போனும் எடுக்க மாட்டேங்கிறாரு,” என்றாள் லோஜினி. “சரி தள்ளு, நான் பாக்குறேன்.”

காற்று அடைத்தால் குழாய் முனையில் வாயை வைத்து உறிஞ்சி எடுப்பது அந்த மலையில் எல்லோரும் செய்வது. லோஜினிக்கு மூச்சு அதிகம். லயத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவனே எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பெருமையாய்ப் பார்த்துச் சிரித்திருக்கிறான்.

“வேணாம்! லோஜினி, வேணாம் புள்ள!”

மறுபடி அடித்தான். கீழே சிரித்தார்கள். “அடிக்குது அடிக்குது, கிட்ட வந்துருச்சு, சுருக்கா உறிஞ்சுங்கக்கா!”

இரும்பை எறிந்துவிட்டு, வளையத்தில் காது ஒட்டியபடியே தண்ணீருக்குள் கையை விட்டு, குழாய் வாயை உள்ளங்கையால் பொத்தினான். அடுத்த கணம் கை இழுபட்டது. அவளுடைய மூச்சு. இருநூறு அடிக்கு அந்தப் பக்கம் அவள் கன்னம் குழிவதை அவனால் பார்க்கவே முடிந்தது. விடவில்லை. இழுப்பு நின்றது.

“என்னமோ அடைச்சிருக்கு,” என்றாள், மூச்சு வாங்க.

“இன்னொருக்கா பாருங்க.”

சுவரிலிருந்து சத்தம் நின்றுபோயிருந்தது. அவை இறங்கின. முதுகில். தோளில். பிறகு அந்தக் கைக்கு. விரல் நீளம்தான் ஒவ்வொன்றும். புறங்கையில் ஒட்டின. சுரண்டின. முதலில் கூசியது. பிறகு எரிந்தது. பிறகு எலும்பில் சத்தம் கேட்டது. பல்லைக் கடித்தான். இன்னும் ஒரு நிமிடம். அவள் சலித்து விட்டுவிடுவாள். ஒரே ஒரு நிமிடம்.

கை தானாக விலகியது.

குழாய் மடக்கென்று விழுங்கியது. அவனை விட்டுவிட்டு அவை திரும்பின. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், குழாய்க்குள் நுழைந்தன. இன்னொரு கையால் அள்ளினான், பிய்த்தான், எறிந்தான். விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போயின. வளையத்தில் காதை அழுத்தினான்.

“வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு!” ரூபிகா கைதட்டினாள். வாளி ஒன்று நகர்ந்தது. “போதுங்கக்கா. வாய எடுங்க.”

வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கவில்லை.

“அக்கா, வாய எடுங்க. வந்துருச்சுன்னு சொல்றேன்ல.”

பிறகு யாரோ வாளியைக் கீழே போட்டார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். “இழுங்க, அவங்கள இழுங்க, பின்னால புடிச்சு இழுங்க!”

குழாயில் உறிஞ்சல் நிற்கவில்லை. நீளமாய், விடாமல், மூச்சே எடுக்காமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது.