அசையாதவர்களின் ஆட்டம்

ஒன்பதரைக்கு ஆட்டம் தொடங்கிவிட்டது. பதினெட்டுப் பிள்ளைகளும், உடல் அசைவை எண்ணும் அசைதளத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. எதிர்ச்சுவரில் மட்டும் எண்கள் மளமளவென்று கூடின, கழிந்தன. பெற்றோர் வரிசையிலிருந்த மகிழினியால்தான் சும்மா இருக்க முடியவில்லை. கால் தன்பாட்டுக்கு ஆடியது.

தளம் இந்தத் தூத்துக்குடிப் பள்ளிக்கு வந்த புதிதில் இங்கே காது கிழியும். ஏழு என்று விடை சொல்ல ஏழு முறை குதிக்க வேண்டும். குதிக்க முடியாத பிள்ளை தோளைக் குலுக்கலாம், தலையை அசைக்கலாம். தசை அசைவதை அடியிலிருந்த உணரிகள் எண்ணிக்கொள்ளும். மகிழினியின் மகள் தூவிக்குப் பிறந்ததிலிருந்தே உடல் சொன்னபடி கேட்காது. வலக்கை மோதிர விரல் ஒன்றுதான் கேட்கும். தளம் அந்த விரலையும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் விரல் ஏழு தரம் எழுந்து முடிந்த பிறகும், மற்றவர்கள் குதித்து முடிக்கும்வரை அடுத்த கணக்கு வராது. மகிழினி மனு எழுதினாள்: 'என் மகள் பிறந்ததிலிருந்து காத்திருக்கிறாள். விளையாட்டிலாவது ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டாம்.' படித்த எல்லோருக்கும் கண் கலங்கியது. விதி மாறியது: முதலில் ஒருவர் முடித்ததுமே அடுத்த கணக்கு வரும்.

தூவியின் வேகத்துக்கு ஆட்டம் ஓடத் தொடங்கியது. பிள்ளைகள் முட்டாள்களா என்ன? குதித்தால் நேரமாகிறது என்று மூன்றே வாரத்தில் கண்டுகொண்டார்கள். முதலில் கால்கள் நின்றன. பிறகு கைகள். இப்போது எல்லோரும் ஒரு விரலால் ஆடுகிறார்கள். வீட்டிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"உங்களுக்கென்னக்கா, தூவிதான் எப்பவும் முதல்ல வர்றா," என்று பக்கத்திலிருந்த ஷைலா கிசுகிசுத்தாள். "எங்க ஜோவிதா படியேறதுக்கே யோசிக்கிறா. ஓடுடின்னா எதுக்கும்மாங்கிறா."

"என் பிள்ளையைத் திரும்பவும் உக்கார வச்சுக் காக்க வைக்கணும், அதானே?"

"ரெண்டு நிமிஷம் காத்திருந்தா என்னக்கா குறைஞ்சிரும்?"

பழைய விதியைத் திருப்பிக் கொண்டுவரப் பதினெட்டு வீட்டின் கட்டைவிரல் ரேகையும் வேண்டும். ஷைலாவின் மடியிலிருந்த பலகையில் பதினேழு பதிந்திருந்தன.

"பெத்தவங்களும் ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்களேன்," என்றார் கோகிலா மிஸ். "அப்புறம் முடிவு பண்ணலாம்."

மகிழினி மகளின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சுவரில் மூன்றும் இரண்டும் வந்தன. கவனமாக ஐந்து முறை விரலைத் தூக்கினாள். சுவர் பதினொன்று என்றது. முழங்காலையும் சேர்த்து எண்ணியிருந்தது. காலை இறுக்கினாள், தோள் துடித்தது. மூன்றாம் தடவை தப்பானதும் அவளுக்குக் கீழே தளம் மஞ்சளாகி, மூலைவரை மஞ்சள் கோடு போட்டது.

"அது மிகையசைவு மூலை," என்றார் மிஸ், சங்கடத்தோடு. "அங்க கணக்கு கொஞ்சம் மெதுவா வரும்."

பிள்ளைகள் வாய்க்குள் சிரித்தார்கள். தூவியின் விரல் அவளுடைய பேச்சுப்பெட்டியைத் தட்டியது; அவளுக்காகப் பெட்டி பேசியது.

"சிரிக்காதீங்க. பாவம், அம்மாவுக்கு வராது. மிஸ், அவங்களுக்கு லேசாக் குடுங்க."

மகிழினிக்கு முதலில் வந்தது வலியல்ல, பெருமிதம். ஆறு வருடமாக ஊரெல்லாம் தன் மகள்மேல் கொட்டிய பரிதாபத்தை, மகள் இன்று ஒருத்திக்கு எடுத்துக் கொடுக்கிறாள். கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். அந்தப் பெருமிதத்தின் ருசி பிடித்திருந்ததுதான் அவளைக் கூசச் செய்தது. எழுந்து மூலைக்குப் போனாள்.

அங்கே ஜோவிதா தனியாக உட்கார்ந்திருந்தாள். பதினெட்டுப் பேரில் இன்னும் அடங்காத உடம்பு அவளுடையதுதான்.

"ஆன்ட்டி, கை ரெண்டையும் தொடைக்கடியில வச்சு அமுக்கிக்கோங்க. கொஞ்ச நேரத்துல காலும் தானா நின்னுரும்."

"அப்ப எப்படி ஆடறது?"

"ஒரு விரல மட்டும் வெளிய விடுங்க. நான் வீட்ல அப்படித்தான் பழகுறேன். அம்மாட்ட சொல்லிராதீங்க."

மகிழினி கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்தினாள். மோதிர விரலை மட்டும் வெளியே நீட்டினாள். சுவரில் நான்கும் ஒன்றும் வந்தன. ஐந்து. பச்சை விளக்கு எரிந்தது. ஜோவிதா பல் தெரியச் சிரித்தாள்.

ஷைலா பலகையோடு வந்து குனிந்தாள். "அக்கா, உங்க ரேகை மட்டுந்தான் பாக்கி. எம்பிள்ளையப் பாருங்கக்கா."

மகிழினி பார்த்தாள். ஜோவிதா இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, அடுத்த எண்ணுக்காகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகிழினி தன் கட்டைவிரலை எடுக்க வேண்டுமானால் தொடையைத் தூக்க வேண்டும். தூக்கினால் தளம் எண்ணிவிடும்.

"கொஞ்சம் இரு ஷைலா," என்றாள், உதடு அசையாமல். "அடுத்த கணக்கு வந்துட்டு."