ஏரிப் பக்கம் டார்ச் அடிக்காதீர்கள்

நக்குருவில் ஒரு வீட்டில் சண்டை வந்தால், அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்பே நியோகாபிக்குத் தெரிந்துவிடும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தலை பின்னிவிடும் கடை வைத்திருக்கிறாள். ஒரு தலையைப் பின்னி முடிக்க ஐந்து மணி நேரம். ஐந்து மணி நேரம் எந்தப் பெண்தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்?

அப்பேர்ப்பட்டவள், கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து முதல் தடவையாகப் புருஷனோடு ஊர் சுற்றக் கிளம்பினாள். பழைய ப்ரோபாக்ஸ் கார், டிக்கியில் கூடாரம், வடக்கே போகிற சாலை. புருஷன் கிச்சூஹி தபால் ஆபீஸ் குமாஸ்தா. பேச்சு குறைவு, அந்த வீட்டில் அதற்கு இடமும் இல்லை. பறவை, மிருகம் என்றால் மட்டும் அவருக்கு முகம் மலரும். பாரிங்கோ ஏரிக்கரையில் ஒரு ராத்திரி தங்கி நீர்யானை பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

பொழுது சாய்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். முகாமை நடத்துகிற ஜெரோடிச் கேட்டைத் திறந்தாள். இடம் காட்டினாள், ஆட்டிறைச்சி சுட்டுக் கொடுத்தாள், பிறகு எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னாள்.

"ராத்திரி கூடாரத்தை விட்டு இறங்காதீங்க. நீர்யானை மேய வரும். கழிப்பறைக்குப் போகணும்னா கேட் பக்கமா டார்ச்சை ரெண்டு தடவை அடிங்க. எங்க அஸ்காரி வந்து கூட்டிட்டுப் போவாரு. காவலுக்கு அவர் இல்லாம ஒரு அடி வைக்கக் கூடாது."

"சரி."

"ஏரிப் பக்கம் மட்டும் அடிக்காதீங்க."

"ஏன், நீர்யானைக்குக் கண்ணு கூசுமா?" என்றாள் நியோகாபி.

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்."

நியோகாபியிடம் சொல்லக் கூடாத பதில் அது. மூடின பாத்திரத்தைக் கண்டால் திறந்து பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. மேலும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தாள். ஏரி சில வருஷங்களாக ஏறிக்கொண்டே வருகிறது, பழைய முகாம் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது என்பது வரைக்கும்தான் கறக்க முடிந்தது. 'கல்நெஞ்சுக்காரி, வாயைத் திறக்கிறாளா பார்' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கூடாரத்துக்குள் போனாள்.

தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. இருட்டு வானத்திலிருந்து இறங்கவில்லை. ஏரியிலிருந்து மெல்ல எழுந்து கரைக்கு வந்தது. சேற்று வாடை அடித்தது. அப்புறம் முதல் நீர்யானை கனைத்தது, தொண்டைக்குள் யாரோ கிழவர் சிரிப்பது மாதிரி.

இரண்டு, மூன்று, ஏழு. கூடாரத்தைச் சுற்றிப் புல் அறுபடும் சத்தம் கேட்டது. கேட்டுக்கும் காருக்கும் போகிற பாதை முழுக்கக் கறுத்த முதுகுகள்.

"முரீகி அப்பா, ஏரியில இன்னும் எத்தனை இருக்கோ. ஒரு தடவை அடிச்சுப் பாருங்களேன்," என்றாள், புருஷனை மகன் பெயரால் கூப்பிட்டு.

"வேண்டாம்னு சொன்னாங்களே."

"சொன்னாங்க. நான் கல்யாணத்தன்னைக்கு என்னென்னவோ சொன்னேன்."

கிச்சூஹி வலைச்சன்னல் வழியாக ஏரிப் பக்கம் டார்ச்சை அடித்தார். முதலைக் கண்கள் சிவப்பாக மின்னின. அணைத்தார். "இன்னொரு தடவை," என்றாள். இன்னொரு தடவை அடித்தார்.

ஏரிக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் இரண்டு தடவை மின்னியது.

தண்ணீருக்கு மேலிருந்து அல்ல. அடியிலிருந்து, பாசி நிறத்தில்.

அது கரையை நோக்கி நகர்ந்தது. தண்ணீர் விலகும் ஓசை. பிறகு பூட்ஸ் கால்கள், உள்ளே தண்ணீர் நிறைந்த பூட்ஸ், சளக் சளக் என்று மேடேறி வந்தன. வழியில் நின்ற நீர்யானைகள் மேய்வதை நிறுத்தவில்லை. ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை.

கூடார வாசலில் ஒரு நிழல் நின்றது.

"கூப்பிட்டீங்களே, பாஸ். வாங்க, போலாம்."

கிச்சூஹிக்கு ஆட்டிறைச்சி ஏற்கெனவே வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. "நல்ல நேரத்துல வந்தாரு அஸ்காரி," என்று கூடாரத்தின் ஜிப்பில் கை வைத்தார். நியோகாபி அவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். மறு கையால் ஜெரோடிச்சுக்குப் போன் போட்டாள்.

"உங்க அஸ்காரி ஏரிப் பக்கத்துலேர்ந்து வந்து நிக்கிறாரு."

மறுமுனையில் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எங்க அஸ்காரி என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கான்மா. அடிச்சிட்டீங்களா?"

"ரெண்டு தடவை," என்றாள் நியோகாபி.

"அது பழைய முகாம்ல இருந்த அஸ்காரி. தண்ணி ஏறின ராத்திரி, விருந்தாளி ரெண்டு பேரைக் கையப் பிடிச்சு ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனாரு. மேடான இடம்னு நினைச்சாரு. மூணு பேரும் திரும்பலை. நல்ல மனுஷன். அதான் கஷ்டமே. விருந்தாளிய விட்டுட்டுப் போக மாட்டாரு."

"உங்க ஆளை அனுப்புங்க."

"இப்பவே போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திட்டான். கேளுங்கம்மா. விடியற வரைக்கும் வெளிய வராதீங்க. தண்ணி ஏறுதுன்னு தோணும், நம்பாதீங்க, நீங்க இருக்கறது மேடு. அவர் என்ன கேட்டாலும் வாயத் திறக்காதீங்க."

போன் அணைந்தது.

"தண்ணி ஏறுதும்மா," என்றது வாசலில் நின்ற குரல். பயமுறுத்தும் குரலே இல்லை. அக்கறையான குரல். "பாஸைக் கூட்டிட்டு வாங்க. ஆபீஸ்ல விளக்கு எரியுது."

கூடாரத் தரை மெத்தை மாதிரி மிதந்தது. விரிப்பின் ஓரத்தில் சில்லென்று ஊறியது. கணுக்கால். முழங்கால். உட்கார்ந்திருந்தவர்களுக்கு இடுப்பு.

கிச்சூஹி மறுபடி ஜிப்புக்குக் கை நீட்டினார். "நியோகாபி, நாம மூழ்கிடுவோம். விடு என்னை."

அவள் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். நாள் முழுக்கத் தலை பின்னுகிற கை அது, லேசில் விடாது. வெளியே நீர்யானைகள், உள்ளே தண்ணீர், வாசலில் அவன். ஊரில் யார் சொன்னதையும் நம்பாதவள், கல்நெஞ்சுக்காரி என்று தான் திட்டிய ஒருத்தியின் ஒற்றை வார்த்தையை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தாள்.

நெஞ்சு.

கழுத்து.

ஜிப் தானாக ஒரு விரற்கடை இறங்கியது. ஊறி வெளுத்த விரல்கள் உள்ளே வந்து கிச்சூஹியின் மணிக்கட்டைப் பிடித்தன. வலிக்கும்படி அல்ல, வழி காட்டுகிற மாதிரி. அவர் கை அந்தப் பக்கமாக நீண்டது. அவள் பிடிக்குள்ளிருந்து அவர் உடம்பு வழுக்கிக்கொண்டு போனது.

அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவரை விட்டுடுங்க," என்றாள். "காலையில நாங்களே கார்ல பத்திரமாப் போயிடுவோம். நீங்க கூட்டிட்டுப் போக வேண்டாம். உங்க கால்ல விழறேன்."

விரல்கள் யோசிப்பது போல நின்றன.

"காலையிலயா?"

"விடிஞ்சதும்."

"சரிம்மா."

விரல்கள் விலகின. சளக் சளக் என்ற சத்தம் அகன்றது. எந்தத் திசையில் போனது என்று அவள் கவனிக்கவில்லை.

விடிந்தபோது கூடாரம் காய்ந்து கிடந்தது. விரிப்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஜெரோடிச் ஓடி வந்து இருவர் முகத்தையும் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணும் பேசலையே நீங்க?"

"ஒரு வார்த்தை பேசலை," என்றாள் நியோகாபி.

இன்னும் வடக்கே போகிற திட்டத்தைக் கைவிட்டு வண்டியைத் தெற்கே திருப்பினார்கள். கிச்சூஹி ஒரு கையால் ஓட்டினார். மறு கை அவள் கையைப் பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை. மரிகாட் வந்தது, வெயில் வந்தது, தர்ப்பூசணி விற்கிறவர்கள் வந்தார்கள். நியோகாபிக்கு மூச்சு சீரானது. இந்தக் கதையைக் கடையில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

சாலையில் போலீஸ் மறித்தது. இளம் போலீஸ்காரர் குனிந்து இருவருடைய சீட் பெல்ட்டையும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பின்சீட்டைப் பார்த்தார்.

"பின்னாடி இருக்கறவரு ஏன் இப்படி நனைஞ்சிருக்காரு? அவரையும் பெல்ட் போடச் சொல்லுங்கம்மா."

கிச்சூஹியின் கை அவள் கைக்குள் சில்லிட்டது.

பிறந்ததிலிருந்து எதையும் எட்டிப் பார்க்காமல் விட்டிராத நியோகாபி, நேரே சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பின்னால், பெல்ட்டை இழுத்து மாட்டும் சத்தம் கேட்டது.