டிரைவர் சீட்டில் உரிந்த சாயம்

மார்கழிக் குளிரில் கல்லாக உறைந்துபோன தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வெங்கடலட்சுமி மாடியின் இளவெயிலில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அஃப்தாப் வந்து சேர்ந்தார். உக்கடத்தில் கார் சீட் சாமான் விற்கிறவர். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏனுங்கம்மா, இருவது வருசக் கடைங்க. ஒரே வீடியோவுல என் பேரைக் கெடுத்துப்போட்டாங்க!"

போனை நீட்டினார். கிணத்துக்கடவு ஹாரிகா, அப்பாவின் பழைய காரின் லெதர் சீட்டுகளை வீட்டிலேயே புதுப்பித்தவள், டிரைவர் சீட்டில் செதில் செதிலாக உரியும் சாயத்தைக் காட்டி, கடைக்காரர் கலப்படச் சாயம் விற்றுவிட்டதாகப் பொரிந்து தள்ளியிருந்தாள். மூன்று நாளாகக் கடையில் ஈ காக்கை இல்லை.

வெங்கடலட்சுமி மில்லின் சாய லேப்பில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே எது வெளுத்தாலும் உரிந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அன்று காலை மாடியில் பேசிக்கொண்டிருந்துவிட்டு இப்போது கூடவே கிளம்பிய கதிர், மில்லில் அவரிடம் உதவியாளராக இருந்தவர். ஐம்பது வயதாகியும் அவசரக்குடுக்கை.

எட்டு மணிக்கு அஃப்தாபோடு மூவருமாக ஹாரிகாவின் வீட்டுக் கார் ஷெட்டில் நுழைந்து பின்சீட்டைப் பார்த்ததும் கதிருக்கு வாய் பிளந்துவிட்டது. வெடிப்பை அடைத்து, தேய்த்து, சாயம் ஏற்றியிருந்த கைவேலை! எங்கே வெடிப்பு இருந்தது என்று விரலால் தடவியும் தெரியவில்லை. டிரைவர் சீட்டுதான் அலங்கோலம். தையல் துளைகளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ அடைந்திருந்தது.

"பூஞ்சைங்க மேடம்!" என்றார் கதிர்.

"தினமும் காலையில இருக்குதுங்க. மத்தியானம் பார்த்தா காணோம்" என்றாள் ஹாரிகா.

"எல்லாச் சீட்டுக்கும் ஒரே டப்பாதானா கண்ணு?" என்று கேட்டார் வெங்கடலட்சுமி.

"ஒண்ணேதானுங்க. மத்த சீட்டெல்லாம் முடிச்சேன். இதைக் கழுவிக் காய வெச்சுட்டு சோமனூர் கல்யாணத்துக்குப் போனேன். ரெண்டு நாள் கழிச்சு வந்துதான் இதுக்கு அடிச்சேன்."

அப்போது தோப்பிலிருந்து அவள் அப்பா அரங்கசாமி வந்தார். காலில் தோல் செருப்பு, கருகருவென்று, ஒரு வெடிப்பு இல்லாமல்.

"செருப்பு புதுசுங்களா?" என்று கேட்டார் வெங்கடலட்சுமி.

"பன்னண்டு வருசமாச்சுங்க!" அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"காரை வெயில்ல நிறுத்துங்க. ஒரு காப்பி குடிச்சுட்டுப் பார்க்கலாம்" என்றார் வெங்கடலட்சுமி.

காப்பியும் பேச்சும் முடிந்து எல்லோரும் வந்து பார்த்தபோது துளைகளில் வெள்ளையைக் காணவில்லை. அங்கே ஈரம் மினுங்கியது.

"பூஞ்சை வெயில்ல உருகாதுங்க கதிர்" என்றார் வெங்கடலட்சுமி. "குளிர்ல உறைஞ்சு வெயில்ல உருகறதை இன்னிக்குக் காலையில என் மாடியிலயே பார்த்தீங்களே."

"அட, தேங்கா எண்ணெய்!" கதிர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கண்ணெதிரே இருந்ததை இந்த அம்மா மட்டும் எப்படித்தான் பார்க்கிறாரோ!

"அதே டப்பா மத்த சீட்ல உடும்பாட்டம் புடிச்சிருக்குது. அப்ப கோளாறு சாயத்துல இல்ல, தோல்ல. எண்ணெய் குடிச்ச தோல்ல சாயம் நிக்காது. அரங்கசாமி அண்ணா, செருப்புக்கு என்ன போடுவீங்க?"

"நம்ம தோப்புத் தேங்காயில ஆட்டுன செக்கெண்ணெய்தானுங்க. சீட்டும் காஞ்சு கெடந்துச்சு. புள்ளை இத்தனை பாடுபடுதேன்னு, அது சோமனூர் போயிருந்தப்ப நானும் மூணு தடவை தடவி..." பெருமையாக ஆரம்பித்தவருக்குப் பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"நைனா!" என்றாள் ஹாரிகா. அதற்குமேல் திட்ட வரவில்லை. அஃப்தாப் பக்கம் திரும்பியதும் அழுகைதான் வந்தது. "அண்ணா, தெரியாமப் பேசிப்போட்டேனுங்க."

அஃப்தாபோ பின்சீட்டின் தையலோரத்தைத் தடவியபடி நின்றார். "எங்க ஆளுங்க செஞ்சாலும் இத்தனை சுத்தமா வராதுங்க அம்மணி. அழுவாதீங்க. எண்ணெயை உறிஞ்சி எடுக்க வழி இருக்குது, நானே சொல்லித் தாரேன்."

அரங்கசாமி தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "வீடியோ எடு கண்ணு."

"கடைக்காரர் மேல தப்பில்லீங்க. எண்ணெய் தடவுனது நானுங்க. இந்தப் பின்சீட்டைப் பாருங்க, அதே டப்பா, என் புள்ளை கைவேலை..." மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தவர் மகளின் புகழை நிறுத்தவே இல்லை. ஹாரிகா அந்த வீடியோவை அப்போதே போட்டுவிட்டாள்.

திரும்பும் வழியில், உக்கடம் எட்டும் முன்பே அஃப்தாபின் போன் அடித்தது. அவர் பயந்துகொண்டே எடுத்தார்.

"ஏனுங்க, அந்தப் பின்சீட்டுக்கு அடிச்ச டப்பா உங்க கடையில இருக்குதுங்களா?"