எமெட் நல்லா இருக்காரு

மலையடிவாரத்து அந்த வீட்டின் முன்னால் ஃபெர்ன் காரை நிறுத்தியபோது மதியச் சாப்பாட்டு நேரம்கூட முழுசாகத் தாண்டவில்லை. ஆனால் மேற்கு வர்ஜீனியாவின் அந்த இடுக்கில் குளிர்காலத்து வெயில் வருவது தாமதம், போவது அவசரம். அதற்குள்ளாகவே மலைநிழல் கூரைமேல் ஏறிவிட்டது. சத்தமில்லாமல் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

காரின் பின்சீட்டைக் காலியாக வைத்திருந்தாள். தங்கச்சி டெஸ்ஸாவையும் அவள் மகள் ஐவியையும் இன்றைக்கே கொலம்பஸ் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் தரதரவென்று இழுத்துக்கொண்டாவது!

வருகிற வழியில் பெட்ரோல் பங்கில், கல்லாவில் இருந்த அம்மாளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி வீட்டுக்கா? எமெட் எப்படி இருக்காராம்?"

"எமெட் செத்து மூணு மாசமாச்சு."

அந்த அம்மாளுக்கு முகம் வெளிறிவிட்டது. "வாயைக் கழுவும்மா! ஆண்டவர் கிருபையில அவரு நல்லா இருக்காரு."

ஊரே இப்படித்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்தது. டெஸ்ஸாவின் புருஷன் எமெட் உள்ளே மாட்டிக்கொண்டான். கம்பெனிக்காரன் சுரங்க வாயை கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டுப் போய்விட்டான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அந்த வாரமே ஊர்த் தேவாலயத்துச் சபை கூடி முடிவு செய்தது: எமெட் உயிரோடு இருக்கிறான், வருவான். அந்தச் சபையில் விசுவாசம் என்றால் மனசுக்குள் நம்பினால் போதாது, வாயால் அறிக்கை செய்ய வேண்டும். செத்துவிட்டான் என்று ஒரு தடவை வாய் தவறினால் தன் கையாலேயே அவனைக் குழிக்குள் தள்ளுவதற்குச் சமம். அதனால் அழக்கூடாது. கறுப்பு உடுத்தக்கூடாது. சாப்பாட்டு மேஜையில் அவனுக்குத் தட்டு வைக்க வேண்டும். யார் கேட்டாலும் ஒரே பதில்: எமெட் நல்லா இருக்காரு.

ஃபெர்னுக்கு இதெல்லாம் புதிதல்ல. அவள் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தபோதும் இதே சபைதான் "சுகமாயிட்டாங்க, சுகமாயிட்டாங்க" என்று பாடிக்கொண்டிருந்தது, சவப்பெட்டி வாங்குகிற வரைக்கும். கல்லறையில் வைத்து பாஸ்டர் ஹோபார்ட், "நம்மில் யாரோ சந்தேகப்பட்டார்கள்" என்றார். எல்லார் கண்ணும் ஃபெர்ன் பக்கம் திரும்பியது. அன்றைக்கு ஊரை விட்டுப் போனவளுக்கு, விசுவாசம் என்ற வார்த்தையைக் கேட்டாலே வயிறு எரியும்.

டெஸ்ஸா கதவை ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தாள்.

"சீக்கிரம் உள்ள வாக்கா. கதவை மூடு."

உள்ளே அடுப்பு எரிந்தும் குளிராக இருந்தது. மேஜையில் பீன்ஸ், சோள ரொட்டி. நான்கு தட்டு. நான்காவதன் பக்கத்தில் ஒரு தம்ளர் மோர், அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டிருந்தது. எமெட்டுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

"உன் புருஷனுக்குப் பசி நல்லா எடுக்குதாக்கும்?" என்றாள் ஃபெர்ன். கிண்டல் அவள் காதுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

ஐவி வந்து பெரியம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எட்டு வயசுப் பிள்ளை. அள்ளித் தூக்கினால் துணிமூட்டை கனம்கூட இல்லை. கண்ணைச் சுற்றிக் கறுத்துக் கிடந்தது.

"தூங்குறியா இல்லையாடி தங்கம்?"

"அப்பாகூடப் பேசிக்கிட்டு இருப்பேன் பெரியம்மா. அவரு தனியா நிப்பாருல்ல."

ஃபெர்ன் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு வாடை வந்தது. ஈரக் கரி. வெகுநாள் அடைத்துக் கிடந்த கிணற்றைத் திறந்த மாதிரி ஒரு புழுக்கம்.

நான்காவது நாற்காலி தானாகப் பின்னால் நகர்ந்தது.

யாரும் இல்லை.

தரைப் பலகையில் ஒரு ஈரத்தடம் விழுந்தது. பூட்ஸ் தடம். அதற்கு முன்னால் இன்னொன்று. வாசல்கதவு வரைக்கும் போய் நின்றது. கதவுப் பக்கமிருந்து, நெஞ்சில் கரித்தூள் அடைத்தவன் இருமுகிற இருமல்.

"பார்த்தியாக்கா?" டெஸ்ஸா கிசுகிசுத்தாள். முகத்தில் ஒரு பயங்கரமான சந்தோஷம். "வந்துட்டாரு. சொன்னேன்ல?"

ஃபெர்ன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பைத்தியக்காரி! பிள்ளை மூஞ்சியைப் பாருடி. நீ கூப்பிட்டு வச்சிருக்கிறது எதுவோ, அது அவளை உறிஞ்சிக்கிட்டு இருக்கு. அவன் செத்துட்டான்னு சொல்லு. உன் வாயால சொல்லி அனுப்பு."

"சொன்னா செத்துருவாருக்கா."

"அம்மாவைத்தான் வாரிக் கொடுத்தோம். இவளையும் கொடுக்கணுமா?"

டெஸ்ஸா மகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எமெட் செத்துட்டாரு."

இருமல் நின்றது.

வாடை போய்விட்டது. தரையிலிருந்த தடங்கள் காய்ந்து மறைந்தன. டெஸ்ஸா மூன்று மாத அழுகையையும் சேர்த்து அழுதாள். ஃபெர்ன் அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்பாடா, தீர்ந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

"பெரியம்மா," என்றாள் ஐவி, "இனிமே கதவை யாரு புடிச்சுக்குவாங்க?"

"எந்தக் கதவைடி?"

"வாசக்கதவை. சுரங்கத்துலேர்ந்து அப்பா பின்னாடியே ஒண்ணு வந்துச்சு. அது உள்ள வந்துடக்கூடாதுன்னு அப்பாதான் எப்பவும் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. நான் பேச்சுத் துணைக்கு இருப்பேன்."

கதவை யாரோ தட்டினார்கள்.

"டெஸ்ஸா." எமெட்டின் குரல். அச்சு அசல். "குளிருது. திற."

ஐவி தலையை ஆட்டினாள். "அது அப்பா இல்ல. அப்பா ஒரு நாளும் தட்டினதில்ல."

இரும்புத் தாழ்ப்பாள் தானாக விலகியது.

டெஸ்ஸா ஓடிப்போய் கதவில் சாய்ந்தாள். "உசிரோட இருக்காரு! எமெட் உசிரோடதான் இருக்காரு!" என்று கத்தினாள். கத்தினாளே தவிர, குரலில் உயிர் இல்லை. "ஐயோ அக்கா, வரமாட்டேங்குது. சொல்லித் தொலைச்சுட்டேனே. என் வாயே என்னை நம்பமாட்டேங்குது. நீ சொல்லு. உன் கால்ல விழறேன், நீ சொல்லு!"

கதவு ஒரு சாண் திறந்தது. வெளியே பனியின் வெள்ளை இல்லை. முற்றம் இல்லை. கார் இல்லை.

கும்மிருட்டு.

இருட்டு மூச்சை உள்ளிழுத்தது. ஐவியின் தலைமுடி மொத்தமும் அந்த இடுக்கை நோக்கிப் பறந்தது. பிள்ளையின் கால் தரையில் வழுக்கியது.

ஃபெர்ன் இரண்டு உள்ளங்கையையும் கதவில் ஊன்றினாள். அம்மாவின் சவப்பெட்டி மனசில் வந்தது. அந்தப் பாட்டு வந்தது. அத்தனையையும் விழுங்கிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"எமெட் உசிரோட இருக்காரு! இங்கதான் நிக்கிறாரு! நல்லா இருக்காரு!"

ஒப்புக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவள் நம்பினாள். நம்புவதைத் தவிர வேறு நாதி இல்லை.

அவள் கைமேல் இன்னொரு கை பதிந்தது. பெரிய கை. ஈரம், சில்லிப்பு, கரியின் நறநறப்பு. காதோரம் ஒரு இருமல். கதவின் இந்தப் பக்கத்திலிருந்து.

கதவு மூடிக்கொண்டது.

ஃபெர்ன் கொலம்பஸ் திரும்பவில்லை. மறுநாள் காலையில் கார்ச் சாவியை எடுத்தவளிடம் ஐவி கேட்டாள்: "நாம போற ஊர்லயும் கதவு இருக்கும்ல பெரியம்மா?" சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டாள்.

இப்போது சபையில் முதல் வரிசையில் உட்காருகிறவள் அவள்தான். பாஸ்டர் ஹோபார்ட் அவளைத் திரும்பி வந்த ஆடு என்று மேடையிலேயே புகழ்கிறார். யார் கேட்டாலும் எமெட் நல்லா இருக்காரு என்கிறாள், கண் இமைக்காமல். டெஸ்ஸா கூடவே ஆமென் சொல்கிறாள். ஐவியின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது.

வாயைக் கட்டுவது சுலபம். மனசைத்தான் கட்ட முடியவில்லை. பாத்திரம் கழுவும்போதோ, துணி மடிக்கும்போதோ, செத்தவன் எப்படியடி வருவான் என்று ஒரு நினைப்பு சும்மா எட்டிப் பார்க்கும். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டு அதை விரட்டுவாள்.

விரட்டுவதற்குள், வாசலில் தாழ்ப்பாள் ஒரு நெல்லளவு நகர்ந்திருக்கும்.